கை படாத ஆஸ்டின்

மதுரையில் ஒருவரிடம் பழைய கார் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்று யாரும் சொல்வதில்லை. தன்னிடம் இல்லாவிட்டால் சித்தப்பாவிடம் இருக்கும். சித்தப்பாவிடம் இல்லாவிட்டால் அவருடைய சம்பந்தியிடம் இருக்கும். எல்லாமே ஒரிஜினல். பஸ்ஸை விட்டு இறங்கி, ஆரப்பாளையத்தில் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு மூன்று ஒரிஜினல் கார்கள் கிடைத்துவிட்டன. அதில் ஒன்று டிராக்டர் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் கோயம்புத்தூர்க்காரன். பீளமேட்டுப் பக்கம் சின்னதாக ஒரு ஃபவுண்டரி வைத்திருக்கிறேன். தொழில் அது, பைத்தியம் இது. எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை பழைய கார்களை ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் போட்டி வைப்பார்கள். புதுப்பித்துப் பளபளக்கும் கார்களுக்கு ஒரு கோப்பை. வாங்கிய நாளில் எப்படி வந்ததோ அப்படியே, மறு பெயிண்ட் காணாமல், சீட் மாற்றாமல், தேய்ந்தது தேய்ந்தபடி நிற்கும் கார்களுக்கு இன்னொரு கோப்பை. இந்த இரண்டாவது வகையைத்தான் நாங்கள் 'கை படாத வண்டி' என்போம். என்னைக் கேட்டால் கோப்பை என்றால் அதுதான் கோப்பை. காசு இருந்தால் எவனும் பெயிண்ட் அடித்துவிடலாம். அடிக்காமல் வைத்திருப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

போன வருஷம் ஒரு மோரிஸைக் கை படாத வண்டி என்று நம்பி வாங்கிக்கொண்டுபோய் நிறுத்தினேன். நடுவராக வந்தவர் வலது கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்து வைத்திருந்தார். கதவு ரப்பரைத் தூக்கி அந்த நகத்தால் ஒரு கீறு கீறினார். வெள்ளைக்கு அடியில் நீலம். இன்னும் அழுத்திக் கீறினார். நீலத்துக்கு அடியில் சிவப்பு. "கை படாததுங்களா இது? ஊர்க் கையெல்லாம் பட்டிருக்குதுங்களே!" என்று மைக்குக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். மைதானமே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் என் மனைவியின் தம்பி சிவகுமார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த போட்டியில் அந்த நகத்துக்கு வேலையே இல்லாத ஒரு வண்டியோடு போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மைதானத்துப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் மாசி மாதம் மதுரைக்கு வண்டி ஏறினேன்.

மதுரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் மாருதி வந்து எல்லோர் கண்ணையும் பறித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் பழைய காரை விற்றுவிட்டு மாருதிக்குப் பெயர் கொடுப்பார்கள். மதுரைப் பக்கம் பழையதை விற்காமலே மாருதிக்குப் பெயர் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை. லாட்ஜில் அறை கேட்டபோது, எதற்கு வந்திருக்கிறேன் என்று மேனேஜர் விசாரித்தார். பழைய கார் பார்க்க என்றேன். அவர் உள்பக்கம் திரும்பி மனைவியிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார், அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ பதில் சொன்னார். பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். என்னவென்று கேட்டேன்.

"'பழைய இரும்புக்கு ஆள் வந்திருக்கு'ன்னு அவரு சொன்னாருண்ணே. 'வெள்ளை வேட்டிய பாத்தா இரும்புக்காரர் மாதிரி தெரியலையே, கட்சிக்காரரான்னு கேளுங்க'ன்னு அந்தம்மா சொல்லுது."

இப்படி மொழிபெயர்த்துச் சொன்னவர்தான் செல்லப்பாண்டி. புரோக்கர். மாடு, மனை, மோட்டார் மூன்றும் கையில் இருப்பதாகச் சொன்னார். எனக்குச் சொந்த ஊர்த் தரகர்களையே பிடிக்காது. ஆனால் அந்தச் சனிக்கிழமையிலிருந்து ஊர் திரும்பும்வரை இந்த மனிதரின் மொபெட்டின் பின்சீட்டில்தான் என் வாழ்க்கை ஓடியது. இரண்டு பேரும் கனமான ஆட்கள். மேடு வந்தால் அவர் பெடலை மிதிப்பார், நான் இறங்கிப் பின்னாலேயே நடப்பேன்.

முதலில் அழைத்துப்போனது நகரத்துக்குள் ஒரு சந்து. ஆபீசில் கணக்குப் பார்க்கும் ஒருவரின் வீடு. வாசலில் அடைத்துக்கொண்டு ஒரு மோரிஸ், மேலே போர்வை. அவர் குளித்து, விபூதி பூசி, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் போர்வையை விலக்கினார். கண் கூசியது. முகம் பார்த்துத் தலை சீவலாம்.

"அம்புட்டும் ஒரிஜினல் சார்," என்றார்.

நான் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்க்ரூவைப் பார்ப்பேன். ஸ்க்ரூத் தலையின் வெட்டு கூர்மையாக இருந்தால் யாரும் கழற்றவில்லை என்று அர்த்தம், மழுங்கிப்போயிருந்தால் கைகள் விளையாடியிருக்கின்றன என்று அர்த்தம். இந்த வண்டியில் பாதி ஸ்க்ரூக்களுக்குத் தலையே இல்லை.

"எத்தனை தடவைங்க பெயிண்ட் அடிச்சிருக்கீங்க?" என்றேன்.

"வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அடிச்சிருவோம் சார். அதுல குறையே வைக்கிறதில்ல," என்றார் பெருமையாக.

அவர் மனைவி கொடுத்த காப்பி பிரமாதம். எங்கள் சிறுவாணித் தண்ணீரில் போட்ட காப்பியைத் தவிர வேறு எதையும் நான் பிரமாதம் என்று சொல்வதில்லை. அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

அன்று மாலை செல்லப்பாண்டி கறி தோசை தின்ன அழைத்துப்போனார். ஒரு தோசை போதும் என்றேன். கல்லுக்கு முன்னால் நின்றவர், "ஊருக்குப் புதுசாண்ணே?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் இரண்டு வைத்தார். மூன்றாவதை நானே கேட்டு வாங்கினேன். எங்கள் ஊரில் விருந்தாளியை 'சாப்பிடுங்க, சாப்பிடுங்க' என்று பத்துத் தடவை மரியாதையாகச் சொல்லுவோம். இவர்கள் சொல்வதே இல்லை, இலையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான். மொபெட் பஞ்சர் என்பதால் ஏறிய டவுன் பஸ்ஸில் எனக்குக் கிடைத்த இடம் இரண்டு கோழிக்கூடைகளுக்கு நடுவில். வழியில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி பானெட்டைத் திறந்தார். எனக்குக் கை சும்மா இருக்குமா? இறங்கிப்போய் எட்டிப் பார்த்து, டீசல் பைப்பில் காற்றுப் புகுந்திருக்கிறது என்றேன். டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது எனக்கும் தெரியும்ணே. காத்து வெளிய போறதுக்குத்தான் தொறந்து வச்சிட்டு நிக்கேன். நீங்க போயி கோழியப் பாத்துக்கங்க," என்றார். போய்ப் பார்த்துக்கொண்டேன்.

சோழவந்தானில் வைகைக் கரையோரம் வெற்றிலைக் கொடிக்கால்கள். வெயிலில் வந்தவனுக்குக் கொடிக்காலுக்குள் நுழைந்ததும் ஊட்டிக்குப் போன மாதிரி இருந்தது. கொடிக்கால் சொந்தக்காரர் முத்தையா ஒரு ஆஸ்டின் வைத்திருப்பதாகச் செல்லப்பாண்டி சத்தியம் பண்ணியிருந்தார். இருந்தது. முன்பக்கம் நல்ல ஆஸ்டின்தான். பெயிண்ட் பழையது, ஸ்க்ரூவெல்லாம் கூர்மை. பின்பக்கம் வந்தேன். கூரையே இல்லை. பின்சீட்டுக்கு மேலிருந்து கடைசிவரை தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு, வெற்றிலைக் கட்டு அடுக்கப் பலகை போட்டிருந்தார்கள்.

"ஏனுங்க, இதை எதுக்குங்க வெட்டுனீங்க?" என்றேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

"வெத்தலைக்குக் காத்தோட்டம் வேணும்ல அண்ணே? மூடி வச்சா வெந்துரும்," என்றார் முத்தையா. "வெட்டின தகரம் வீணாப் போகல. கோழிக்கூட்டுக்கு மேல போட்டிருக்கேன். வேணும்னா அதையும் சேத்து எடுத்துக்கங்க."

திரும்பி வரும்போது ஒரு கவுளி வெற்றிலையை என் மடியில் வைத்து அனுப்பினார். சோழவந்தான் வெற்றிலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், போட்டதில்லை. காரம் மூக்கில் ஏறியது. கோபத்தோடு போட்டதால் இன்னும் கொஞ்சம் ஏறியது.

திங்கட்கிழமை காலை பருத்திப்பால் குடித்துக்கொண்டே, ஊருக்குத் திரும்பலாம் என்று இருக்கிறேன் என்றேன். செல்லப்பாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க ஊருக்கு வந்து வெறுங்கையோட போனாருன்னு ஒரு பேச்சு வரக்கூடாதுண்ணே. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வீடு இருக்கு. கேக்கவே பயமா இருந்துச்சு, அதான் சொல்லல. வாங்க, போவோம்."

பயப்பட என்ன இருக்கிறது என்று அங்கே போனதும் தெரிந்துவிட்டது. வீட்டு முன்னால் ஒரு கொட்டகை. ஒரு பாதியில் யானைக்குட்டி கணக்கில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை, மறு பாதியில் காரின் மூக்கு. காரைப் பார்க்க வேண்டுமென்றால் காளையைத் தாண்டிப் போக வேண்டும். காளை என்னைப் பார்த்து மூச்சு விட்டது. நான் செல்லப்பாண்டிக்குப் பின்னால் நின்றேன். செல்லப்பாண்டி எனக்குப் பின்னால் வரப் பார்த்தார்.

"அது ஒண்ணும் செய்யாது தம்பி, வெள்ளை வேட்டிய கண்டா மட்டும் கொஞ்சம் ஆடும்," என்று சொல்லிக்கொண்டே வந்தார் வீட்டுக்கார அம்மாள், பேச்சியம்மாள். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் காலமான பிறகு தோட்டம், வயல், காளை எல்லாம் அவர் பொறுப்பு. மகன் மாயாண்டி இருபத்தைந்து வயதுக் காளை. கட்டிப்போடாதது ஒன்றுதான் வித்தியாசம். அவன் நிஜக் காளையைப் பிடித்துக்கொள்ள, நான் காரிடம் போனேன்.

கறுப்பு ஆஸ்டின் ஏ-நாற்பது. பேச்சியம்மாளின் மாமனார் புதிதாக வாங்கியது. பெயிண்ட் மங்கி, வெயில் பட்ட இடத்தில் வறண்ட வயல் மாதிரி நுண்ணிய வெடிப்பு. நான் கதவு ரப்பரைத் தூக்கினேன். கறுப்பு. டிக்கி விரிப்பைத் தூக்கினேன். கறுப்பு. என் நகத்தால் ஒரு ஓரத்தில் சுரண்டினேன். கறுப்புக்கு அடியில் கம்பெனியில் பூசிய அடிப்பூச்சு, அதற்கடியில் இரும்பு. தோல் சீட் ஓட்டுநர் பக்கம் மட்டும் தேய்ந்து மெழுகாகியிருந்தது. திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து நீளும் கைகாட்டி இரண்டும் உயிரோடு இருந்தன. ஒரு ஸ்க்ரூத் தலைகூட மழுங்கவில்லை. பின்கதவில் மட்டும் நீளமாக ஒரு கீறல்.

"அது இவன் பாட்டன் கொம்பு," என்று மாயாண்டி காளையின் திமிலைத் தட்டினான். "அந்தக் காளை குத்துனது. அதுக்கப்புறம் பட்டி பாத்துப் பெயிண்ட் அடிக்கலாம்னு டவுன்ல இருந்து ஆளு வந்தான். எங்க அய்யா உள்ள விடல. எங்க அய்யாவுக்கு வேற எவன் கையும் பிடிக்காது."

அழகான பெண்ணைப் பார்த்தால் பேச்சு வராது என்பார்கள், எனக்கு வயசாகிவிட்டது, காரைப் பார்த்தால்தான் பேச்சு வருவதில்லை. இதை ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"டிராக்டர் வருது தம்பி. கொட்டகையில காளைக்கும் இடம் வேணும், டிராக்டருக்கும் இடம் வேணும். வெளிய மழையில நிறுத்தி இதை அழ வைக்க மாட்டேன். மதிச்சு வச்சுக்கிற ஆளா இருந்தா எடுத்துட்டுப் போங்க. ஒடச்சு இரும்புக்குப் போடுற ஆளா இருந்தா இப்பவே நடையக் கட்டுங்க."

மதித்து வைத்துக்கொள்வேன் என்றேன். விலை பேச ஒரு சொம்பு மோர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பேச்சியம்மாள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினார், செல்லப்பாண்டி என் கையில் கொடுத்த இன்னொரு தட்டை நான் நீட்டினேன், மாற்றிக்கொண்டோம். பேச்சு முடிந்தது என்பதற்கு அங்கே கையெழுத்து அதுதான்.

"வியாழக்கிழமை வந்து எடுத்துக்கங்க," என்றார். "எங்க வீட்டுப் பொருளை வெறுமனே அனுப்ப மாட்டோம். செய்ய வேண்டியதைச் செஞ்சுதான் அனுப்புவோம்."

சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தேங்காய் உடைப்பார்கள், பொட்டு வைப்பார்கள் என்று நினைத்தேன். கோயம்புத்தூர் மூளை அவ்வளவுதான் ஓடியது.

செவ்வாய்க்கிழமை லாட்ஜில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். புதன்கிழமை பொறுக்க முடியவில்லை. வாங்கப்போகிற வண்டியை ஒருமுறை சும்மா பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று செல்லப்பாண்டியைக் கிளப்பினேன். நல்லவேளை கிளப்பினேன்.

ஊருக்குள் நுழையும்போதே பெயிண்ட் வாசனை. கொட்டகைக்கு வெளியே ஆஸ்டினைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். மாயாண்டி கையில் பிரஷ். பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடித்து மீந்த பச்சை எனாமல் ஒரு டப்பா, அதே பச்சையில் புதிதாக வாங்கிய நாலு டப்பா. பின்பக்க மட்கார்டு ஒன்று கிளிப்பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

மொபெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே குதித்துவிட்டேன். "நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் காளை கயிற்றை இழுத்தது.

"என்னண்ணே, நாளைக்கில்ல வாரதாச் சொன்னீங்க?" என்றான் மாயாண்டி. அவன் முகத்தில் எத்தனை சந்தோஷம் தெரியுமா? கல்யாண வீட்டுப் பந்தல் போடுகிறவனின் சந்தோஷம். "எப்புடி இருக்கு? இன்னைக்கே மூணு பக்கமும் முடிச்சிருவேன்."

"யார் உங்களை இதைச் செய்யச் சொன்னதுங்க? இந்த வண்டி மேல ஒரு கோட் பெயிண்ட் பட்டா எனக்கு இது வேண்டாமுங்க!"

சொல்லிவிட்டேன். செல்லப்பாண்டி என் முழங்கையைப் பிடித்து, "போச்சு, போச்சு," என்றார். மாயாண்டி பிரஷ்ஷை டப்பாவில் வைத்தான். சந்தோஷம் எல்லாம் வடிந்து அவன் முகம் கறுத்துவிட்டது.

"அழுக்கோட அனுப்பச் சொல்றீங்களாண்ணே? எங்க வீட்டுல இருந்து ஒரு கன்னுக்குட்டி போனாக்கூடக் குளிப்பாட்டி, கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சு, மாலை போட்டுத்தான் அனுப்புவோம். வெடிச்ச வண்டியப் பிடிச்சுக் கொடுத்துட்டாய்ங்கன்னு கோயம்புத்தூர் பூரா எங்களக் காறித் துப்பவா?"

பேச்சியம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வந்து படியில் நின்றார். "வெத்தலை மாத்துன பெறகு வேண்டாம்ங்கிற வார்த்தை இந்த ஊர்ல கிடையாது தம்பி. சொன்னது சொன்னதுதானா? இல்ல, வாய் தவறி வந்துச்சா?"

எனக்கும் கோபம், அவர்களுக்கும் கோபம். அவர்கள் மானத்துக்காகப் பெயிண்ட் அடிக்கிறார்கள், நான் மானத்துக்காகக் கூடாது என்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. போன வருஷக் கதையை, அந்த நகத்தை, மைக்கை, மைதானத்துச் சிரிப்பை, சோறு இறங்காததை, எல்லாவற்றையும் அந்தத் தெருவில் நின்று சொன்னேன். தேய்ந்த சீட்டும் வெடித்த பெயிண்டும் கொம்புக் கீறலும்தான் எனக்கு வேண்டும், இதற்கு மேல் இந்த வண்டியில் எவன் கையும் படக்கூடாது, பட்டால் மறுபடியும் நான் தலைகுனிய வேண்டும் என்றேன். குரல் உடைந்துவிட்டது. உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேச்சியம்மாள் படியிறங்கி வந்து காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அப்ப இது பிடிமாடு இல்ல," என்றார் கடைசியில். "கோயில் மாடு. அதைத்தானே தம்பி இம்புட்டு நேரமாச் சுத்தி வளைச்சுச் சொல்றீங்க?"

எனக்குப் புரியவில்லை. ஆனால் மாயாண்டிக்குப் புரிந்துவிட்டது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. செல்லப்பாண்டி எனக்கு விளக்கினார். ஜல்லிக்கட்டில் வாடிவாசலைத் திறந்ததும் முதலில் வருவது ஊர்ச்சாமியின் மாடு. அடுத்து வரும் பிடிமாடுகளின் திமிலைப் பிடிக்க உயிரைக் கொடுக்கும் அத்தனை பேரும், அந்த முதல் மாட்டுக்கு மட்டும் ஒதுங்கி நிற்பார்கள். ஒருத்தர் விரல்கூட அதன்மேல் படாது. அதற்குப் பிறகுதான் மற்ற மாடுகள், மற்ற வீரம்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன்ணே பிரஷ்ஷைத் தொடப்போறேன்?" என்றான் மாயாண்டி. ஓடிப்போய் மண்ணெண்ணெய் கொண்டுவந்தான். தோளில் கிடந்த துண்டை நனைத்து, குழந்தையின் முகம் துடைக்கிற மாதிரி அந்த மட்கார்டைத் துடைத்தான். ஈரம் காயாததால் பச்சை கரைந்து வந்தது, அடியில் எங்கள் கறுப்பு அப்படியே இருந்தது. வெடிப்புக்குள் மட்டும் ஒரு நூலளவு பச்சை தங்கிவிட்டது. போனால் போகட்டும் என்றேன். அவன் எழுந்து நின்று, கொஞ்சம் தயங்கி, "மாலை மட்டும் போட்டுக்கலாமாண்ணே?" என்றான். மாலைக்கு என்ன, தாராளமாகப் போடுங்கள் என்றேன்.

வியாழக்கிழமை ஊரே தெருவில். கார் மூக்கில் இருக்கும் சிறகு பொம்மைக்கு மாலை, ஸ்டீயரிங்குக்கு மல்லிகைச் சரம். விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது போல. இரண்டு பக்கமும் ஆட்கள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். முன்னால் வந்துவிட்ட ஒரு பெரியவரை, "ஏய், கோயில் மாடு வருது, தள்ளி நில்லுப்பா!" என்று இரண்டு பேர் இழுத்தார்கள். நான் மாப்பிள்ளை மாதிரி உள்ளே ஏறி உட்கார்ந்தேன், செல்லப்பாண்டி பக்கத்தில். பெருமையாகச் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை இழுத்தேன்.

டக். அவ்வளவுதான்.

மறுபடி இழுத்தேன். டக். பேட்டரியில் ஸ்டார்ட்டரைச் சுற்றும் தெம்பு இல்லை. தள்ளினால் ஓடிவிடும். பத்து இளவட்டங்கள் பாய்ந்து வந்தார்கள். காருக்கு ஒரு முழம் முன்னால், "டே, தொடாத!" என்று ஒருவன் கத்த, பத்துப் பேரும் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார்கள். தள்ளத் துடிக்கிறார்கள், தொடவும் முடியவில்லை. நான் கண்ணாடி வழியே அவர்களைப் பார்க்கிறேன், அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். என் ஆயுளில் இப்படி ஒரு பிரேக்டவுன் எனக்கு நடந்ததில்லை. சரி, நானே இறங்கிக் கைப்பிடி போட்டுச் சுற்றுகிறேன் என்று கதவைத் திறந்தேன்.

"நீங்க உள்ளயே உக்காருங்க தம்பி," என்று குரல். பேச்சியம்மாள் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலோடு படியிறங்கி வந்தார். "கோயில் மாட்டை எவனும் தொடக்கூடாது. ஆனா அவுத்து விடுறதுக்கு ஒரு ஆளு வேணும்ல? மாசா மாசம் இதைச் சுத்தி உசிரோட வச்சிருந்தவ நான்தான். இன்னைக்கும் நான்தான் அவுத்து விடணும்."

சேலையை இழுத்துச் செருகினார். குனிந்து ஹேண்டிலை நுழைத்தார். ஒருமுறை மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை மடக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடித்து, மேல்நோக்கி ஒரே இழுப்பு. ஆஸ்டின் ஒரு தும்மல் போட்டுவிட்டுக் கிளம்பியது. தெருவே விசிலடித்தது. கொட்டகையில் காளையும் ஒரு சத்தம் கொடுத்தது. பேச்சியம்மாள் ஹேண்டிலை என் மடியில் வைத்தார், கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அப்படித்தான். கியர் போட்டேன். மெல்ல நகர்ந்தேன். தெரு முடியும்வரை ஒரு விரல்கூட அந்த வண்டியின்மேல் படவில்லை. இந்தக் காலத்தில் அமைச்சர் வண்டிக்குக்கூட அப்படி ஒதுங்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் மரியாதையைப் பற்றி நான் நிறையப் பீற்றிக்கொண்டவன். அன்றிலிருந்து மதுரைக்காரர்கள் முன்னால் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

போட்டிக்குப் பேச்சியம்மாள், மாயாண்டி, செல்லப்பாண்டி மூன்று பேரும் கோயம்புத்தூர் வந்தார்கள். சிறுவாணித் தண்ணீரைக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் உப்புக் கம்மி," என்றார் செல்லப்பாண்டி. மைதானத்தில் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். அதே நடுவர் வந்தார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார், அது எனக்குப் போன வருஷமே பழகிய சிரிப்பு. கதவு ரப்பரை நோக்கிக் கட்டைவிரல் நீண்டது.

"தம்பி, கைய எடுங்க," என்றார் பேச்சியம்மாள். எழுந்து நின்றார். "இது கோயில் மாடு. பாக்கலாம். எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாக்கலாம். தொடக்கூடாது."

நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவங்க வீட்டு வண்டிங்க. இதுக்கு அவங்க சொல்றதுதான் சட்டமுங்க," என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படியே சுற்றி வந்தார். மண்டி போட்டு அடியில் பார்த்தார், எட்டிப்பார்த்து ஸ்க்ரூக்களை எண்ணினார், பேச்சியம்மாள் கதவையும் டிக்கியையும் திறந்து ரப்பரைத் தூக்கிக் காட்டக் காட்டக் குனிந்து குனிந்து பார்த்தார். மட்கார்டு வெடிப்புக்குள் இருந்த பச்சையைக் கண்டுபிடித்துவிட்டார், கெட்டிக்காரர்தான். "இது என்னங்க?" என்றார். மாயாண்டி மறைக்காமல் பிரஷ்ஷையும் மண்ணெண்ணெயையும் சொன்னான். கொம்புக் கீறலைக் கேட்டார். அதையும் சொன்னான். கடைசியில் மைக்கை வாங்கி, "இந்த மைதானத்துக்கு இதுவரைக்கும் வந்ததுலயே கை படாத வண்டி இதுதானுங்க," என்றார். மைக் பிடித்திருந்த கையைத் தவிர மற்ற கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

மாயாண்டி தலைத்துண்டை அவிழ்த்து வானத்தில் சுழற்றினான். "மாடு பிடிபடல! மாடு ஜெயிச்சிருச்சு!" என்று அவன் போட்ட சத்தத்தில் மைதானம் முழுக்க இந்தப் பக்கம் திரும்பியது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கை தட்டினார்கள்.

என் மைத்துனன் சிவகுமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். "ஏனுங்க மாமா, எந்த மாடுங்க ஜெயிச்சுது?" என்றான்.

"நம்ம மாடு மாப்ள," என்றேன்.